உள்ளங்கையில் ஒரு கணினி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கருவிகளைப் பயன்படுத்துவோர் பலர். அவற்றின் உள்ளியல்பை அறிந்தோர் சிலர். திரையைத் தொட்டவுடன் காட்சி மாறுவதைக் கண்டு பழகிய நாம், அது ஏன் மாறுகிறது என்று வினவுவதில்லை. கணினியைத் திறந்து பார்க்கவும், உறுப்புகளைத் தம் கையாலேயே பூட்டவும், பழுதைத் தாமே கண்டறியவும் மாணவர்க்கு வாய்ப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது ஒற்றைப் பலகைக் கணினி. அதன் வரலாற்றையும், சிறு தொடுதிரையோடு அதனை இணைக்கும் முறையையும், அதனால் தமிழுக்கு ஆற்றத்தக்க ஒரு சிறு பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

மூடிய பெட்டி

ஒரு தலைமுறைக்கு முன்புவரை வீட்டிலிருந்த கருவிகள் பெரும்பாலும் திறந்து பார்க்கத்தக்கனவாகவே இருந்தன. மிதிவண்டியின் சங்கிலி கழன்றால் சிறுவர்களே மாட்டிக்கொண்டனர். வீட்டிலிருந்தோரே தையல் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டனர். வானொலிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றித் தூசி தட்டினர். ஒரு பொருளின் எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்ள அன்று வழியிருந்தது.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசி அத்தகையதன்று. அதன் உறுப்புகள் பசையிட்டு ஒட்டப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மறைந்துள்ளன. அதனுள் ஒரு கணினி இருக்கிறது என்பதையே நாம் மறந்துவிடுகிறோம். நாளெல்லாம் கணினியோடு வாழ்ந்தும் கணினியை அறியா நிலை இது. இந்நிலை இங்கு மட்டும் தோன்றியதன்று. கணினித் துறையின் முன்னோடிகளுள் ஒன்றான பல்கலைக்கழகமே ஒருகாலத்தில் இதனை எண்ணிக் கவலையுற்றது.

கேம்பிரிட்ஜில் எழுந்த கவலை

2006ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் பணியாற்றிய எபென் அப்டன், ராப் மல்லின்ஸ், ஜாக் லாங், ஆலன் மைக்ராஃப்ட் ஆகியோர் ஒரு மாற்றத்தைக் கவனித்தனர். கணினி அறிவியல் பயில விண்ணப்பிக்கும் மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வந்தது. வந்தவர்களிடமும் முந்தைய தலைமுறையினரிடம் இருந்த பயிற்சி இல்லை. 1990களில் விண்ணப்பித்தோர் பலர் பள்ளிப் பருவத்திலேயே நிரல் எழுதிப் பழகியிருந்தனர். பின்னர் வந்தோர்க்கோ கணினி என்பது விளையாடவும் கடிதம் தட்டச்சவும் உதவும் ஆயத்தப் பொருளாக மட்டுமே இருந்தது.

காரணத்தை ஆராய்ந்தபோது, குறை மாணவரிடம் இல்லை என்பது புலனாயிற்று. வீட்டுக் கணினி விலையுயர்ந்த பொருளாகிவிட்டது; குடும்பம் முழுமையும் அதனை நம்பியிருந்தது. பிள்ளைகள் அதில் சோதனை செய்து ஏதேனும் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் அஞ்சினர். பிழை செய்ய இடமில்லாத வீட்டில் கற்றலுக்கும் இடம் குறுகிவிடுகிறது. எனவே கெட்டாலும் பெரிதும் வருந்த வேண்டாத விலையில், திறந்த மேனியாக, உறுப்பெல்லாம் தெரியும்படி ஒரு கணினி வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அப்டன் கையாலேயே கம்பிகளை இணைத்து முதல் மாதிரிகளை உருவாக்கினார்.

ஆறு ஆண்டு முயற்சிக்குப் பின், 2012 பிப்ரவரி 29 அன்று 'ராஸ்பெரி பை' விற்பனைக்கு வந்தது. விலை 35 அமெரிக்க டாலர். நினைவகம் 256 மெகாபைட். பரப்பு ஏறத்தாழ ஒரு கடனட்டை அளவு. சில ஆயிரம் விற்றால் போதும் என்று கருதியவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. 2016 செப்டம்பருக்குள் ஒரு கோடிப் பலகைகள் விற்பனையாயின.

முன்னரே ஊன்றிய விதை

ராஸ்பெரி பையின் வேர் 1981இல் உள்ளது. அவ்வாண்டு பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் நாட்டு மக்களுக்குக் கணினியறிவு புகட்டும் திட்டமொன்றைத் தொடங்கியது. அதற்கென கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 'பிபிசி மைக்ரோ' என்னும் கணினியை உருவாக்கியது. பள்ளிகள்தோறும் அது சென்றது. மின்விசையைத் தட்டியவுடன் எந்த விளையாட்டும் தோன்றாது. 'என்ன செய்ய வேண்டும், சொல்' என்று கேட்பதுபோல் வெற்றுத் திரையில் ஒரு குறி மட்டும் மின்னும். சொல்லத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ஆதலால் மாணவர்கள் சொல்லக் கற்றனர்.

பிபிசி மைக்ரோவை வடிவமைத்தவர்களுள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களே அடுத்து 'ஆர்ம்' என்னும் புதிய செயலியை வடிவமைத்தனர். அதன் முதல் சில்லு 1985 ஏப்ரலில் இயங்கியது. அதனைச் சோதித்தபோது மின்னோட்டமானி சுழியைக் காட்டியது, சில்லோ இயங்கிக்கொண்டிருந்தது. ஆராய்ந்தபோது, சில்லுக்கு மின்சாரம் தரும் கம்பியே இணைக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. பிற முனைகளின் வழியாகக் கசிந்த சிறு மின்னோட்டத்திலேயே அது இயங்கியிருந்தது. அத்துணைக் குறைந்த ஆற்றல் போதுமானதாக இருந்தமையால்தான், பின்னாளில் மின்கலத்தில் இயங்கும் கைப்பேசிகளுக்கு ஆர்ம் செயலி மிகவும் ஏற்றதாயிற்று. ராஸ்பெரி பையின் நடுவில் இருப்பதும் அம்மரபில் வந்த செயலியே.

பிபிசி மைக்ரோவின் 'பி' வகையில் இருந்த நினைவகம் 32 கிலோபைட். இன்று நாம் பூட்டவிருக்கும் ராஸ்பெரி பை 4, இரண்டு கிகாபைட் நினைவகம் உடையதாயின், அது முன்னதைப்போல் 65,536 மடங்கு. அளவு வளர்ந்தது, நோக்கம் மாறவில்லை.

தெரிந்து தெளிவோம்

கணினி நிறுவனங்களுக்கும் கணினிகளுக்கும் பழப்பெயர் சூட்டும் வழக்கம் மேலைநாட்டில் இருந்தது. ஆப்பிள், ஏப்ரிகாட் முதலியன அவ்வாறு அமைந்தவை. அம்மரபையொட்டி 'ராஸ்பெரி' என்னும் பழத்தின் பெயரும், 'பைத்தான்' என்னும் நிரல்மொழியைச் சுட்டும் 'பை' என்பதும் சேர்ந்து இக்கணினிக்குப் பெயராயின. பைத்தான் மொழியோ பாம்பின் பெயரால் அமைந்ததன்று. 'மான்ட்டி பைத்தான்' என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நினைவாகக் கைடோ வான் ரோசம் அப்பெயரைச் சூட்டினார்.

பலகையின் உறுப்புகள்

85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உடைய பச்சைப் பலகை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டதாக எண்ணிக்கொள்வோம். நடுவில் உலோக மூடியுடன் தெரிவது செயலி. அதனருகில் கறுப்புச் சதுரமாக இருப்பது நினைவகம். ஒரு முனையில் நான்கு யுஎஸ்பி வாயில்களும் இணையக் கம்பிக்கான வாயிலும் உள்ளன. எதிர்முனையின் அடிப்புறத்தில் நினைவட்டை செருகும் இடம் உண்டு. இக்கணினிக்கு நிலைவட்டு கிடையாது. இயக்க அமைப்பும் நம் கோப்புகளும் விரல்நகம் அளவேயான அந்த அட்டையில்தான் உறைகின்றன. அட்டையை மாற்றினால் கணினியின் இயல்பே மாறிவிடும். ஒரே பலகையை ஐந்து மாணவர் ஐந்து அட்டைகளைக் கொண்டு தத்தம் கணினியாகப் பயன்படுத்தலாம்.

நீண்ட ஓரத்தில் இரு வரிசையாக நாற்பது ஊசிமுனைகள் நிற்கின்றன. பிற கணினிகளில் நாம் காணாத பகுதி இதுவே. இவற்றுள் இரண்டு 5 வோல்ட் மின்னழுத்தம் தருபவை, இரண்டு 3.3 வோல்ட் தருபவை, எட்டு புவிமுனைகள். எஞ்சியவை வெளியுலகோடு உரையாடும் முனைகள். விளக்கை எரிக்கவும், வெப்பநிலையை அளக்கவும், மண்ணின் ஈரத்தை உணரவும் இவை உதவும். இம்முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. 5 வோல்ட் முனையைத் தவறுதலாக இவற்றோடு இணைத்தால் செயலியே பழுதாகிவிடும். எனவே முனைகளை எண்ணிப் பார்த்து இணைக்கும் பழக்கம் முதற்கண் வேண்டும்.

பலகையின் மேற்பரப்பில் ஒன்றுபோலத் தோன்றும் இரு குறுகிய இணைப்பிகள் உள்ளன. ஒன்று திரைக்குரியது, மற்றொன்று ஒளிப்படக் கருவிக்குரியது. நினைவட்டைப் பக்கம் இருப்பது திரைக்குரியது என்பதை மனத்திற்கொள்க. இதன் இன்றியமையாமை பின்னர் விளங்கும்.

தொட்டால் அறியும் திரை

ராஸ்பெரி பைக்கென 2015 செப்டம்பரில் ஏழு அங்குலத் தொடுதிரை ஒன்று வெளியாயிற்று. அதில் கிடைவரிசையில் 800, நிலைவரிசையில் 480 என மொத்தம் 3,84,000 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நுண்புள்ளிகளால் ஆனது. அவற்றின் ஒளியளவு மாறுவதாலேயே எழுத்தும் படமும் தோன்றுகின்றன.

திரை நம் விரலை எவ்வாறு அறிகிறது? கண்ணாடிக்கு அடியில் ஒளி ஊடுருவும் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பரவியுள்ளன. அவற்றில் சிறிதளவு மின்னேற்றம் நிலவுகிறது. நம் உடலும் மின்கடத்தியே ஆதலால், விரல் நெருங்கும் இடத்தில் மின்னேற்றத்தின் அளவு மாறுகிறது. எந்தக் குறுக்குக் கோட்டிலும் எந்த நெடுக்குக் கோட்டிலும் மாற்றம் நிகழ்ந்தது என்பதைச் சில்லு கணக்கிட்டு, தொட்ட இடத்தைக் கணினிக்கு அறிவிக்கிறது. உலர்ந்த குச்சியால் தொட்டால் இத்திரை உணராமைக்குக் காரணம் இதுவே. இம்முறையை இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த இ. ஏ. ஜான்சன் 1965ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். வான்வழிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணிக்காக அவர் எண்ணியது, இன்று குழந்தையின் விளையாட்டுப் பொருளிலும் இடம்பெற்றுவிட்டது.

பூட்டும் முறை

எங்கள் பள்ளி நூலகத்தில் மாணவர் அறுவருடன் இக்கருவியைப் பூட்ட அமர்ந்தபோது, 'தமிழாசிரியருக்குத் திருப்புளி எதற்கு?' என்று ஒருவர் நகைத்தார். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவோர்க்கு உறுப்பைக் கூட்டிக் கருவியாக்குவது அயலான வேலை அன்று என்று விடையிறுத்தோம். பூட்டுவதற்கு இலக்கணம் உண்டு. வரிசை மாறினால் பொருள் கெடும்.

முதலாவதாக, வேறொரு கணினியின் உதவியால் நினைவட்டையில் இயக்க அமைப்பை எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கான மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 16 கிகாபைட் கொள்ளளவுள்ள அட்டை போதுமானது. எழுதிய அட்டையைத் தனியே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, மேசையில் மென்துணி விரித்து, திரையைக் குப்புற வைக்க வேண்டும். பலகையை எடுக்கும்முன் அருகிலுள்ள உலோகப் பொருளைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்வது நன்று. பலகையை எப்போதும் ஓரங்களைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். இவ்வேலை முடியும்வரை எந்த மின்னிணைப்பும் இருத்தலாகாது.

மூன்றாவதாக, கட்டுப்பாட்டுப் பலகை. கணினி அனுப்பும் குறிகைகளைத் திரை ஏற்கும் வடிவுக்கு மாற்றித்தருவது இதன் பணி. இதனைத் திரையின் பின்புறத்தில் வைத்து, நான்கு தாங்குதண்டுகளால் இறுக்க வேண்டும். விரலால் தொடும்போது அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும்; வலிந்து திருகினால் மரை தேய்ந்துவிடும்.

நான்காவதாக, நாடாக்கம்பி. தாளைப்போல் தட்டையான இக்கம்பியின் நுனியில் உலோகக் கோடுகள் மின்னும். இணைப்பியின் பூட்டுப்பட்டையை நகத்தால் மெல்ல உயர்த்தி, உலோகக் கோடுகள் இணைப்பியின் உலோக முனைகளை நோக்குமாறு நாடாவை நேராகச் செருகி, பட்டையை மீண்டும் அழுத்த வேண்டும். சாய்ந்து நுழைந்தால் தொடர்பு கிடைக்காது. ஒரு நுனி கட்டுப்பாட்டுப் பலகைக்கு. மறுநுனி கணினியின் திரை இணைப்பிக்கு.

இவ்விடத்தில் நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருத்தி, "ஐயா, எங்கள் வீட்டுத் தறியிலும் நாடா உண்டு; பாவுக்குள்ளே ஊடையைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அதுதான்" என்றாள். பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஆயினும் ஒன்று நூலைச் சுமக்கிறது. மற்றொன்று காட்சியைச் சுமக்கிறது. அன்று அங்கிருந்தோர் எவர்க்கும் அந்த நாடாவின் பணி மறக்கவில்லை.

ஐந்தாவதாக, கணினிப் பலகையைத் தாங்குதண்டுகளின்மேல் அமர்த்தி, நான்கு திருகாணிகளால் பொருத்த வேண்டும். பின்னர் திரைக்கு மின்சாரம் தரும் இரு கம்பிகளை மாட்ட வேண்டும். ஊசிமுனைகளின் வெளிவரிசையை நினைவட்டைப் பக்கத்திலிருந்து எண்ணினால், முதலிரண்டும் 5 வோல்ட் முனைகள், மூன்றாவது புவிமுனை. செந்நிறக் கம்பி 5 வோல்ட் முனைக்கும் கருநிறக் கம்பி புவிமுனைக்கும் உரியன. ஒருவர் எண்ண, மற்றொருவர் சரிபார்க்க, அதன்பின்னரே மாட்டுதல் வேண்டும்.

இறுதியாக நினைவட்டையைச் செருகி, 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் மின்வழங்கியை இணைக்கலாம். 15 வாட் வரையில் இது வழங்கும். பழைய 60 வாட் குமிழ் விளக்கின் தேவையில் இது கால்பங்கே.

திரை ஒளிராதபோது

எங்கள் மேசையில் திரை ஒளிரவில்லை. கணினியில் செவ்விளக்கு எரிந்தது; பச்சை விளக்கும் சிமிட்டியது. திரையோ இருண்டே கிடந்தது. இரண்டு மணிநேர உழைப்பு வீணாயிற்று என்று மாணவர் முகம் வாடியது. "கடையிலேயே கெட்ட பொருளைத் தந்துவிட்டார்கள்" என்றான் ஒருவன். திரும்ப அனுப்பிவிடலாம் என்று நானும் எண்ணியதுண்டு.

அப்போது வேறொரு மாணவன், "எது சரியாக இருக்கிறது என்று முதலில் எழுதிப் பார்ப்போமே" என்றான். அவ்வாறே கரும்பலகையில் எழுதினோம். செவ்விளக்கு எரிவதால் மின்சாரம் வருகிறது. பச்சை விளக்கு சிமிட்டுவதால் நினைவட்டை படிக்கப்படுகிறது. ஆகவே கணினி இயங்குகிறது; குறை கணினிக்கும் திரைக்கும் இடையில்தான் இருக்க முடியும். இடையில் உள்ளவை இரண்டே: மின்கம்பிகளும் நாடாவும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் கம்பிகளை எண்ணினோம், அவை சரி. நாடாவைப் பின்தொடர்ந்து சென்ற நெசவாளர் வீட்டு மாணவியின் விரல் ஓரிடத்தில் நின்றது. நாடா, ஒளிப்படக் கருவிக்குரிய இணைப்பியில் செருகப்பட்டிருந்தது. அதனைச் செருகியவன் நான்.

இடம் மாற்றிச் செருகியபின், முதலில் வானவில் வண்ணச் சதுரம் ஒன்று தோன்றியது. சற்று நேரத்தில் திரை முழுமையும் ஒளிர்ந்தது. மாணவர் எழுப்பிய ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பினர் எழுந்து வந்துவிட்டனர். முதன்முறையே ஒளிர்ந்திருந்தால் ஒரு கருவி கிடைத்திருக்கும். ஒளிராமையால் ஒரு முறை கிடைத்தது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததன் எல்லையைச் சுருக்கிக்கொண்டே செல்வதே அம்முறை. மருத்துவர் நோய் அறிவதும் உரையாசிரியர் பாடவேறுபாடு தெளிவதும் இவ்வாறே அன்றோ!

வேறு சில குறிகளையும் அறிந்திருத்தல் நலம். திரையின் மூலையில் மின்னல் வடிவம் தோன்றினால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். வேறு மின்வழங்கியையோ கம்பியையோ பயன்படுத்த வேண்டும். செயலியின் வெப்பம் 80 பாகை செல்சியசை எட்டினால், அது தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காற்றோட்டம் தேவை. காட்சி தலைகீழாகத் தெரிந்தால் திரையமைப்புப் பகுதியில் திருத்திக்கொள்ளலாம். ராஸ்பெரி பை 4இல் நிறுத்துவிசை இல்லை. அதற்காக மின்கம்பியைச் சட்டெனப் பிடுங்கலாகாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிதைந்து நினைவட்டையே படிக்க இயலாமற்போகலாம். பட்டியலில் உள்ள நிறுத்துகட்டளையைத் தந்து, பச்சை விளக்கு அடங்கியபின் மின்னிணைப்பை நீக்க வேண்டும். பின்வந்த 5ஆம் பதிப்பில் இணைப்பிகள் சிறியவை. அதற்கேற்ற நாடா தனியே வேண்டும்.

ஊர்ச்சொல் பெட்டி

கணினி ஆயத்தமாயிற்று. அதனை எதற்குப் பயன்படுத்துவது? விடை, நாடாவைப் பற்றிப் பேசிய மாணவியிடமிருந்தே வந்தது. தறியின் உறுப்புகளுக்குத் தன் பாட்டி வழங்கும் பெயர்கள் பல நூலக அகராதியில் இல்லை என்றாள். ஏர் பூட்டிய வீட்டுப் பிள்ளைகள் மேழி, கொழு, நுகம் என்றனர். ஏற்றம் இறைத்த தாத்தாவை நினைவுகூர்ந்தவன் துலா, சால் என்றான். பொருள் வழக்கொழிந்தால் சொல்லும் வழக்கொழிகிறது. சொல்லை அறிந்த முதியவர் மறைந்தால், கேட்டறியவும் ஆளில்லை. எனவே அவரவர் வீட்டு முதியோரிடம் கேட்ட சொற்களைத் தொகுத்து, தொட்டால் பொருள் தோன்றும்படி ஒரு பெட்டி அமைப்பதென முடிவாயிற்று.

தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டது. விசைப்பலகை தமிழ்99 முறைக்கு மாற்றப்பட்டது. பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதினர். சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி வரிசையாக்க முயன்றபோது ஒரு புதிர் எழுந்தது. 'கொழு' என்பதற்கு எத்தனை எழுத்து என்று கேட்டதற்குக் கணினி 'நான்கு' என்றது. இலக்கணப்படி அது ஈரெழுத்துச் சொல். 'நுகம்' மூவெழுத்து, கணினியோ 'ஐந்து' என்றது.

தவறு எங்கே? ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் அங்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓரிடமும் உயிர்க்குறிக்கு ஓரிடமும் புள்ளிக்கு ஓரிடமும் உண்டு. ஆதலால் 'கொ' என்பது ககரம், ஒகரக் குறி என இரண்டாகவே சேமிக்கப்படுகிறது. உயிர்மெய் ஓரெழுத்தே என்பது நமக்குத் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. உயிர்க்குறியையும் புள்ளியையும் எண்ணாதே என்று மாணவர் ஒரு வரி சேர்த்தனர். கணினி 'கொழு'வுக்கு இரண்டு என்றும் 'நுகம்' என்பதற்கு மூன்று என்றும் விடை தந்தது. அன்று அவர்கள் எந்திரத்துக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்தனர். அத்தகைய வரியை எழுத நிரல்மொழி மட்டும் தெரிந்தால் போதாது. தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.

விண்வெளிவரை

2015 டிசம்பரில் பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அவருடைய பயணத்தையொட்டி இரண்டு ராஸ்பெரி பை கணினிகளும் அங்கு அனுப்பப்பட்டன. பள்ளி மாணவர் எழுதிய நிரல்கள் அவற்றில் இயக்கப்பட்டன. அவ்விரு கணினிகளின் அடிப்படைப் பலகையும் கடைகளில் எவரும் வாங்கத்தக்க பலகையே. விண்வெளியில் இயங்குவதும் நூலக மேசையில் இயங்குவதும் ஒரே குடும்பத்துக் கணினிகள்.

எங்கள் ஊர்ச்சொல் பெட்டி இன்றும் நூலகத்தின் சன்னலோரத்தில் இருக்கிறது. இருமுறை பழுதுற்றது; இருமுறையும் மாணவரே சீர்செய்தனர். அதனைப் பூட்டிய அறுவரும் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டனர். செல்லும்முன் அடுத்த வகுப்பினருக்கு அதனை முழுமையாகக் கழற்றிக் காட்டி, மீண்டும் பூட்டச் செய்துவிட்டே சென்றனர். பொருளைக் கொடுப்பது ஈகை. கழற்றிக் காட்டிப் பூட்டக் கற்பித்தல் கல்வி. கையிலுள்ள கருவி எவ்வளவு சிறியதாயினும், அதனை அறிந்து ஆள்பவரே அதற்கு உரியவர் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உழவு, நெசவு, மீன்பிடிப்பு, மட்பாண்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு தொழில் சார்ந்த இருபது சொற்களை முதியோரிடம் கேட்டுப் பொருளுடன் தொகுக்க.

2. உங்கள் வீட்டில் பழுதுற்ற கருவி ஒன்றைக் கொண்டு, 'சரியாக இயங்குவன', 'இயங்காதன' எனப் பட்டியலிட்டு, பழுது இருக்கத்தக்க இடத்தை உய்த்துணர்ந்து வகுப்பில் கூறுக. மின்னிணைப்புள்ள கருவியைப் பெரியோர் துணையின்றித் திறத்தல் கூடாது.

3. உங்கள் பெயர் ஒருங்குறியில் எத்தனை இடங்களைக் கொள்ளும் எனக் கணக்கிட்டு, எழுத்தெண்ணிக்கையோடு ஒப்பிடுக.

கலைச்சொல் அறிவோம்

சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் – ஒற்றைப் பலகைக் கணினி
டச் ஸ்கிரீன் – தொடுதிரை
பிராசசர் – செயலி
மெமரி கார்டு – நினைவட்டை
ஆப்பரேட்டிங் சிஸ்டம் – இயக்க அமைப்பு
பிக்சல் – படப்புள்ளி
ரிப்பன் கேபிள் – நாடாக்கம்பி
யூனிகோடு – ஒருங்குறி
ஃபான்ட் – எழுத்துரு

இலக்கணக் குறிப்பு

தொடுதிரை – வினைத்தொகை
செந்நிறம் – பண்புத்தொகை
அறியா நிலை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
குறுக்கும் நெடுக்கும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

சேர்த்தனர் – சேர் + த் + த் + அன் + அர்
சேர் – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ராஸ்பெரி பை 4 கணினியில் இயக்க அமைப்பு உறையும் இடம்
அ) நிலைவட்டு ஆ) நினைவட்டை இ) ஊசிமுனை ஈ) கட்டுப்பாட்டுப் பலகை

2. பொருத்துக.
1) சோஃபி வில்சன் – அ) பைத்தான்
2) இ. ஏ. ஜான்சன் – ஆ) ராஸ்பெரி பை
3) கைடோ வான் ரோசம் – இ) ஆர்ம் செயலி
4) எபென் அப்டன் – ஈ) தொடுதிரை
அ) 1-இ, 2-ஈ, 3-அ, 4-ஆ ஆ) 1-ஈ, 2-இ, 3-ஆ, 4-அ
இ) 1-ஆ, 2-அ, 3-ஈ, 4-இ ஈ) 1-அ, 2-ஆ, 3-இ, 4-ஈ

குறுவினா

1. உலர்ந்த குச்சியால் தொட்டால் தொடுதிரை உணராமைக்குக் காரணம் யாது?
2. நிறுத்துகட்டளை தராமல் மின்கம்பியைப் பிடுங்குவதால் விளையும் தீங்கு யாது?

சிறுவினா

1. 'பிழை செய்ய இடமில்லாத வீட்டில் கற்றலுக்கும் இடம் குறுகிவிடுகிறது' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. 'கொழு' என்னும் சொல்லின் எழுத்தெண்ணிக்கையைக் கணினி நான்கு எனக் கூறியது ஏன்? அதனை மாணவர் எவ்வாறு திருத்தினர்?

நெடுவினா

1. திரை ஒளிராதபோது மாணவர்கள் பழுதைக் கண்டறிந்த முறையை விளக்கி, அம்முறை உங்கள் கற்றலில் பயன்படும் திறத்தை எடுத்துக்காட்டுடன் எழுதுக.